கைக்குக் கை

வெல்டருக்கு ரத்தம் என்றால் ஆகாது. ஆள் என்னவோ வாசல் நிலையில் குனிந்து நுழைகிற உயரம். இரும்புச் சட்டத்தை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி ஏறுவார். ஆனால் ஆஸ்பத்திரி வாடை மூக்கில் பட்டால் போதும், கண் இருட்டிக்கொண்டு வந்து, கை சுவரைத் தேட ஆரம்பிக்கும். இது அவர் மனைவிக்கும் மனைவியின் தம்பிக்கும் மட்டுமே தெரியும். வெளியுலகத்துக்கு அவர் முரட்டு ஆட்டக்காரர்களின் வக்கீல். கால்பந்து என்றால் மோதணும், விழணும், எழுந்து மறுபடி மோதணும் என்று வாய் கிழியப் பேசுகிறவர்.

மனைவியின் தம்பி தையல்காரன். ஒடிசலான உடம்பு, கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப். ஊர் அணியின் சட்டைகளுக்கு எண் தைத்துக் கொடுப்பதும் அவன்தான். அத்தானும் மச்சானும் மற்ற விஷயங்களில் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. கால்பந்தில் மட்டும் எலியும் பூனையும்.

சண்டைக்குக் காரணம் நடுக்களத்தில் ஆடிய இரண்டு பேர். ஒருவன் ஊசி. நாலு பேருக்கு நடுவில் இல்லாத இடுக்கைக் கண்டுபிடித்துப் பந்தைக் கோத்து அனுப்புவான் என்பதால் மச்சான் வைத்த பெயர் அது. ஓட மாட்டான், நிற்பான், பார்ப்பான், எல்லோரும் திட்டி முடிக்கும்போது ஒரு பாஸ் கொடுப்பான். மழையில் மைதானம் சேறாகிவிட்டால் ஆளையே காணோம். இன்னொருவன் ரோலர். பெயர் வைத்தது வெல்டர். குறுக்கே யார் வந்தாலும் மேலே ஏறிப் போவான். பந்தைப் பிடுங்குவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. பிடுங்கிய பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். மஞ்சள் அட்டை வாங்காமல் வீடு திரும்பினால் அவன் அம்மாவே சந்தேகப்படுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூனில் இந்த வழக்கு விசாரணைக்கு வரும். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் வெட்டிக்கொண்ட பிறகும் போக மாட்டார்கள். உங்க ஊசிக்கு மைதானத்துல ஒரு நாற்காலி போட்டுடலாம், உக்காந்தே பாக்கட்டும் என்பார் வெல்டர். உங்க ரோலருக்கு டீசல் ஊத்தினது போதும், ஒரு ஸ்டியரிங் வாங்கி மாட்டுங்க என்பான் மச்சான். சலூன்காரர் வெல்டரின் கட்சி. எதிர்க்கட்சியில் பஸ் டிரைவர் இருந்தார். மருந்துக்கடைக்காரர் ரசிகர் சங்கத் தலைவர் என்பதால் நடுநிலை வகிப்பதுபோல் பேப்பர் படிப்பார், ஆனால் ஊசி பந்தைத் தொட்டால் அவர் எழுந்து நிற்பதை ஊரே பார்த்திருக்கிறது.

அந்த அணியை நடத்துவதே ரசிகர் சங்கம்தான். சீசன் முடிந்தபோது நடுக்களத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்று ஆகிவிட்டது. ஊசியா ரோலரா என்று புதன்கிழமை சாயங்காலம் மருந்துக்கடை மாடியில் கை தூக்கி முடிவு செய்வதாக அறிவித்தார்கள். நேரில் வந்தவர் கைதான் கணக்கு.

ஷிஃப்ட்டில் வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த சங்கம். எல்லோராலும் எல்லாக் கூட்டத்துக்கும் வர முடியாது. அதற்காக அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வர முடியாதவர் எதிர்க்கட்சியில் ஒருவரைப் பார்த்து, 'கைக்குக் கை' என்பார். அவர் ஒப்புக்கொண்டால் அவரும் வர மாட்டார். இரண்டு கையும் ஒன்றோடு ஒன்று கழிந்துவிடும். இதற்குச் சாட்சி கிடையாது, யாரிடமும் சொல்லிவைக்க வேண்டியதும் கிடையாது. வாய்ச்சொல்தான். வாங்கிய சீட்டாட்டக் கடனை ஏமாற்றியவர்கள்கூட அந்தச் சங்கத்தில் உண்டு, கைக்குக் கையை மீறியவர் இல்லை.

அதே புதன்கிழமைதான் வெல்டரின் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் உடனிருக்க வேண்டியது மகன். மகனால் முடியாது என்பதும் யாரும் சொல்லாமலே முடிவான விஷயம். மச்சான் முதல் நாளே வந்து, மாமாவை நான் பாத்துக்கறேன், நீங்க அந்தப் பக்கமே வர வேணாம் என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கூட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தான்.

அவன் கேட்டு முடிக்கக்கூட வெல்டர் விடவில்லை. "கைக்குக் கை, மச்சான். எங்கப்பனுக்காக நீ அங்க உக்காந்திருப்ப, நான் போய் இங்க கையைத் தூக்குவேனா? அப்படி ஒரு ஆளா நான்?"

அவர் அதை மனதாரச் சொன்னார். அதுதான் பிறகு அவரை அதிகம் வதைத்தது.

புதன்கிழமை அவருக்கு மருந்துக்கடைக்குப் பக்கத்துத் தெருவில் வேலை. ஒரு மாடிப்படிக் கைப்பிடிக்குப் பற்றவைப்பு. முடித்துவிட்டு வருகிறவர் நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. வாசலில் நின்று கேட்பதற்கு என்ன தடை? இப்படித்தான் மாடிப்படியில் ஏறினார். மனுஷன் தன்னையே ஏமாற்ற நினைத்தால் காரணத்துக்கா பஞ்சம்?

உள்ளே பஸ் டிரைவர் ஊசிக்காகப் பேசிக்கொண்டிருந்தார். நன்றாகவே பேசினார். முரடன் எந்த ஊரிலும் கிடைப்பான், பார்க்கத் தெரிந்தவன் கிடைக்க மாட்டான் என்றார். கூட்டம் தலையாட்டியது. வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சலூன்காரர் வாசலில் அவரைப் பார்த்துவிட்டு, வாங்க வாங்க, நம்ம பக்கம் பேச ஆள் இல்ல என்று கையைப் பிடித்து இழுத்தார். அதன்பிறகு வெல்டர் பேசினார். சேற்றில் ஆடிய ஆட்டங்களைச் சொன்னார், ரோலர் தலையில் கட்டோடு ஆடி முடித்த ஆட்டத்தைச் சொன்னார், மேஜையைத் தட்டினார். கைதட்டல் கிடைத்தது. வாழ்க்கையில் அத்தனை பேர் சேர்ந்து அவருக்குக் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

ரோலருக்குக் கை தூக்குகிறவர்கள் தூக்கலாம் என்றார் தலைவர். அந்த நேரம் பார்த்து வெல்டரின் சட்டைப்பையில் போன் அடித்தது. மச்சான். இடது கையால் அதை அமுக்கிக்கொண்டே வலது கையைத் தூக்கினார்.

ஒரே ஒரு கை வித்தியாசத்தில் ரோலர் ஜெயித்தான். சமமாக வந்திருந்தால் தலைவர் சொல்வதே முடிவு, தலைவர் என்ன சொல்லியிருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சலூன்காரர் வெல்டரின் முதுகில் தட்டி, உங்க ஒரு கை காப்பாத்திடுச்சு என்றார். அப்போதுதான் வெல்டருக்கு உள்ளே ஏதோ நழுவி விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வார்டு வாசல் வரைக்கும்தான் போக முடிந்தது. மச்சான் அவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, அவர் முகம் வெளுத்திருப்பதை ஆஸ்பத்திரி வாடையின் கணக்கில் எழுதிக்கொண்டு, பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். மாமா கண் முழித்துவிட்டார், முதலில் உங்களைத்தான் கேட்டார், அதற்குத்தான் போன் பண்ணினேன் என்றான். வேலையில் இருந்தீர்களா என்று கேட்டான். வெல்டர் ஆமாம் என்றார். ஒரு பொய் சொன்னதும் இல்லாமல் அவன் கொடுத்த தண்ணீரையும் குடித்தார்.

சற்று நேரத்தில் பஸ் டிரைவரிடமிருந்து மச்சானுக்குப் போன் வந்தது. ஒரு கையில் தோற்றுவிட்டோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மச்சான் போனைப் பையில் போட்டான். பிறகு வெல்டரைத் தேற்றுகிறாற்போல், நாம ரெண்டு பேரும் போயிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும் அத்தான், நம்ம கணக்கு கழிஞ்சு போச்சு என்றான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். நர்ஸ் கூப்பிட்டாள், மச்சான் எழுந்து போய்விட்டான்.

அப்பா வீட்டுக்கு வந்தார். காயத்தில் லேசாக நீர் கோத்திருந்ததால் தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதுவும் மச்சான் தலையில்தான் விழுந்தது. தினமும் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வருவான், கை கழுவுவான், கட்டை அவிழ்ப்பான். வெல்டர் அந்த நேரத்தில் கொல்லைப்பக்கம் போய் நிற்பார். பயத்தினால் என்று வீட்டில் நினைத்தார்கள், அவர் மச்சானின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவை நினைச்சுக் கவலைப்படறாரு என்று மனைவி தன் தம்பியிடம் சொன்னாள். அவன் அதற்காகவும் ஆறுதல் சொன்னான்.

ஒருநாள் துணிந்து அவன் கடைக்கே போனார். இன்றைக்குச் சொல்லாமல் திரும்புவதில்லை என்று வழியெல்லாம் வாக்கியத்தை அமைத்துக்கொண்டு போனார். மச்சான் மடியில் அணியின் சட்டை ஒன்றை விரித்து வைத்து, பிளேடால் எண்ணின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஊசியின் சட்டை. வேறு ஆளுக்கு வேறு எண் தைக்க வேண்டுமாம். துணி கிழியாமல் ஒவ்வொரு இழையாக எடுத்து, ஊதிவிட்டு, அடுத்த இழைக்குப் போனான். ஊசி வந்து சட்டையைக் கொடுத்தபோது, நல்லாத் தைச்சிருந்தீங்கண்ணே, கடைசி வரைக்கும் ஒரு நூல் போகல என்று சொன்னானாம். வெல்டர் அமைத்து வைத்திருந்த வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் வேண்டும் என்று எதையோ உளறி, ஒரு பொத்தானை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

சலூன் பக்கம் தலைகாட்டாமலே இருந்தவரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான்தான் இழுத்துக்கொண்டு போனான். மாமாவுக்குத் தாடி முள்ளாக வளர்ந்துவிட்டது, சலூன்காரரை வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும், நீங்களும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதீர்கள் என்றான்.

உள்ளே நாற்காலியில் பஸ் டிரைவர் முகம் பூராவும் நுரையோடு சாய்ந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் பேப்பரோடு இருந்தார். வெல்டர் நுழைந்ததைக் கண்ணாடியில் பார்த்ததும் டிரைவர், யாரையும் குறிப்பிடாமல், ஒரே ஒரு கை, அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் முடிவு வேறு என்றார். குரலில் குத்தல் இருந்தது. வெல்டர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

மச்சான் அந்தக் குத்தலைப் பொதுக் குறையாக எடுத்துக்கொண்டான். "எங்க வீட்டுக் கை ரெண்டும் அந்தப் பாவத்துல இல்லைங்க. நானும் அத்தானும் கைக்குக் கை. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்னு அவரும் வரல. மனசு பூரா ரோலர்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் எனக்காகக் கூட்டத்துப் பக்கமே வராம இருந்துட்டாரு."

அவன் அதைப் பெருமையாகச் சொன்னான். அத்தானை நாலு பேர் முன்னால் தூக்கி வைக்கும் பெருமை.

சவரக் கத்தி டிரைவரின் தாடையில் அப்படியே நின்றது. கண்ணாடிக்குள் மூன்று பேரின் கண்களும் வெல்டரின் மேல் வந்து விழுந்தன. மூன்று பேரும் அன்றைக்கு அந்த மாடியில் இருந்தவர்கள். டிரைவர் வாயைத் திறந்தால் போதும். அவர் திறக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். சலூன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதான, போனது போச்சு, மாமா எப்படி இருக்காரு என்று பேச்சை மாற்றினார்.

துணி அவிழ்ந்து நிற்கிறவனைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே, அப்படித் திருப்பிக்கொண்டார்கள். அவரை வெறுத்தவரும் சேர்ந்து மறைத்தார். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் இது இப்படியே முடிந்துவிடும் என்று வெல்டருக்குத் தெரிந்தது. இனி வாழ்நாள் பூராவும் இந்த மூன்று பேரும் அவரைக் காப்பாற்றுவார்கள், மச்சான் பெருமைப்படுவான். அதை அவரால் தாங்க முடியவில்லை. வலது கையைத் தூக்கினார்.

மச்சான் முதலில் கண்ணாடியில் பார்த்தான். என்னவோ கேட்கிறார் என்று நினைத்தான் போலிருக்கிறது, சிரித்தபடியே திரும்பினான். கை இறங்கவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தான். மறுபடி அந்தக் கையைப் பார்த்தான். சிரிப்பு போக வெகுநேரம் ஆயிற்று.

"நான் போன் பண்ணினேனே அத்தான். அப்பவா?"

வெல்டர் தலையை ஆட்டினார்.

மச்சான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து விரலில் சுருட்டிக்கொண்டே, சாயங்காலம் மாமாவுக்குச் சவரம் பண்ண வாங்க என்று சலூன்காரரிடம் சொன்னான். வாசல் வரை போனவன் நின்றான். "மத்தியானம் கட்டு மாத்தணும். பஞ்சும் மருந்தும் அலமாரி மேல் தட்டுல இருக்கு. நான் வரல." போய்விட்டான். வெல்டரின் கை அப்போதும் மேலேயே இருந்தது. சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அதைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டார்.

மத்தியானம் வெல்டர் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். நான் மாற்றுகிறேன் என்று மனைவி வந்தாள். வேண்டாம் என்றார். ஏன் என்று அவள் கேட்டதற்குப் பிறகு சொல்கிறேன் என்றார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். கடைசிச் சுற்றில் பஞ்சு மஞ்சளும் சிவப்புமாக ஒட்டியிருந்தது. கண் இருட்டியது. கட்டிலின் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, விழாமல், பார்த்தார்.

அப்பா அரைத் தூக்கத்தில் இருந்தார். விரல்கள் மாறியிருப்பது தெரிந்து கண்ணைத் திறந்தார். மகனைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார்.

"அவன் வரலையா?"

"வரலப்பா."

மச்சானுக்கு உடம்பு சரியில்லையா, கடையில் வேலையா என்றெல்லாம் கிழவர் கேட்கவில்லை.

"நீ என்னடா பண்ணின அவனை?" என்றார்.