முன்னால் பிடித்தவன்

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரர் மைத்துனனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார். "குடியா, மனசா?"

அவர் தலைக்கு மேலே இருந்த பலகையை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். இடப்பக்க அம்புக்கு மனநலப் பிரிவு. வலப்பக்க அம்புக்குப் போதை மீட்புப் பிரிவு. மைத்துனன் என் தோளில் முழு எடையையும் போட்டுத் தொங்கிக்கொண்டு, சட்டையில் இல்லாத எறும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே விட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டும்னா எங்கண்ணே போறது?" என்று அவன் மனைவி பின்னாலிருந்து கேட்டாள்.

"ரெண்டும்னா இங்கயே நில்லும்மா. டாக்டர் வந்து பிரிப்பாங்க."

அரிசியில் கல் பிரிக்கிற மாதிரி சொன்னார்.

அவன் என் மனைவியின் தம்பி. கண்ணாடிக் கிடங்கில் என் ஜோடி. பெரிய பலகைக் கண்ணாடியை லாரியிலிருந்து இறக்கித் தாங்கியில் சாய்த்து வைப்பது எங்கள் வேலை. அவன் முன்னால், நான் பின்னால். எங்கள் கும்பலில் அவனுக்குப் பால்டப்பா என்று பேர். வேலை முடிந்ததும் நாங்கள் எல்லோரும் பிராந்திக் கடைக்குப் போவோம், அவன் மட்டும் எதிர்த்த டீக்கடையில் பால் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவான். பிறகு அவனும் வர ஆரம்பித்தான். எங்களையெல்லாம் முந்திக்கொண்டு போனான். பேர் மட்டும் மாறவில்லை. "பால்டப்பாக்கு இன்னொரு பாட்டில்" என்று கடைக்காரனே சிரிப்பான்.

போன வாரம் குழந்தை தலையில் சத்தியம் செய்துவிட்டுக் குடியை ஒரேயடியாக விட்டான். எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் கை உதறல், வியர்வை, எறும்பு. கதவுக்கு முட்டுக்கொடுத்து, வெளியே ஆட்கள் நிற்கிறார்கள், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அலறினான். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசு. முதலில் ஊசி போட்டுப் படுக்க வைத்தார். பிறகு என்னையும் தங்கச்சியையும், அதாவது மைத்துனன் மனைவியையும், அறைக்குக் கூப்பிட்டார்.

"நீண்ட நாள் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா இப்படி வரும். எறும்பு, உதறல் எல்லாம் அதுதான். ஆபத்துதான், ஆனா சரிபண்ணிடலாம். எனக்கு இவர் காதுல கேக்குற இந்தக் குரல்தான் யோசனையா இருக்கு. குடியால வந்த குரலா, இல்ல முன்னாடியே இருந்து, அத அமுக்கத்தான் குடிச்சாரா? ரெண்டும் வேற வேற நோய். மருந்தும் வேற."

"தலையப் படம் எடுத்தா தெரியாதாம்மா?" என்று கேட்டேன்.

"தலையில அடிபட்டிருக்கா, வேற கோளாறா, அது தெரியும். இது தெரியாது. ரத்தத்துலயும் தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும். எப்ப ஆரம்பிச்சது, எது முதல்ல, குடிக்காத காலத்துல எப்படி இருந்தார். கூட இருந்தவங்க நீங்கதான சொல்லணும்?"

எனக்கு நாற்காலி சுட்டது. எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்தேன். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, மாடிக்கு மாடி மெஷின், கடைசியில் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசு நோய்னு சொல்லுங்கண்ணே. குடிகாரன் பொண்டாட்டின்னு தெருவுல வாங்கின பேச்சு போதும். நோய்னா அவர் மேல தப்பில்லன்னு ஆகும்."

என் மனைவி போனில் நேர்மாறாக அழுதாள். "குடின்னு சொல்லுங்க. குடின்னா விட்டுடுவான், முடிஞ்சுபோச்சு. பைத்தியம்னு எழுதிட்டாங்கன்னா எந்தக் காலத்துல அழியும் அது?"

முதலாளியும் கூப்பிட்டார். "குடிதானே? எந்த லோடுமேன் குடிக்கல? சரிபண்ணிக் கூட்டிட்டு வா, அவன் எடம் அப்படியே இருக்கும். ஆனா தலையில கோளாறுன்னா சொல்லிடுப்பா, கண்ணாடிகிட்ட நான் விடமாட்டேன். நாளைக்கு உன் கழுத்துதான் போகும்."

அவரும் தப்பாகச் சொல்லவில்லை. என் கழுத்தைத்தான் சொன்னார்.

வராந்தாவில் நடந்தேன். நடந்த இடத்திலேயே நடந்தேன். குடி என்று ஒரு வார்த்தை. அவன் வேலை போகாது, அவன் அக்கா நிம்மதியாகத் தூங்குவாள். அவன் குடித்ததும் பொய்யில்லையே. ஆனால் மருந்து வேறாம். எது முதலில் என்று மட்டும்தான் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அவன் முதுகைத் தவிர நான் என்ன பார்த்தேன்?

அப்படி நினைத்த இடத்திலேயே கால் நின்றுவிட்டது.

கண்ணாடி தூக்குவதில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பின்னால் பிடிப்பவன் கண் கண்ணாடியின் கீழ்முனையிலும் தன் காலடியிலும்தான் இருக்கவேண்டும். வழி முன்னவனுக்கு. முன்னவன் நில்லு என்றால் பின்னவன் நிற்கவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. கேட்க வாயெடுத்தால் கை சரியும், கண்ணாடி போய்விடும். இறக்கி வைத்த பிறகு கேட்கலாம். அதற்குள் அடுத்த பலகை காத்திருக்கும், யார் கேட்கிறார்கள்?

அவன் பால் குடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அப்படி நிறைய நில்லு சொல்லியிருக்கிறான். நடுக் கிடங்கில், காலி வழியில். "நில்லு." நான் நிற்பேன். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு, "வா." எலி ஓடியிருக்கும், யாரோ குறுக்கே வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். கும்பலில் எல்லோரிடமும் பெருமை வேறு. பால்டப்பா மாதிரி ஜாக்கிரதையாக முன்னால் பிடிக்கிறவன் கிடையாது, ஒன்றுமில்லாததற்கே நிற்பான் என்பேன். ஒரு தடவை, "நில்லு, போதும் நிறுத்து, நானே போறேன்" என்றான். எனக்குத்தான் சொல்கிறான் என்று நானும் நின்றேன். கடைக்கு வர ஆரம்பித்த பிறகு நில்லு குறைந்தது. தேறிவிட்டான் என்று நினைத்தேன்.

அவன் என்னிடம் பேசவேயில்லை. அவனுக்கு மட்டும் கேட்ட குரலிடம் பேசியிருக்கிறான்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். தங்கச்சியும் நின்றுகொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் நினைத்தது கிடைத்த சந்தோஷம் வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்ப குடிக்கவே ஆரம்பிக்கலயா? நிச்சயமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பால்தான் குடிச்சான்."

"இது உதவும். ஆனா இத மட்டும் வெச்சு நான் பேர் வைக்க மாட்டேன். குடி உடம்ப விட்டு முழுசாப் போகட்டும். ஒரு மாசமாவது பார்ப்போம். அப்பவும் குரல் இருந்துச்சுன்னா ஒண்ணு, போயிடுச்சுன்னா ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தே இருக்குன்னும் முடியலாம்."

"மறுபடி கண்ணாடி தூக்குவானா?"

"அத இப்ப கேட்டா இப்பவே பொய் சொல்லணும்" என்றார்.

வார்டில் அவன் விழித்திருந்தான். ஊசியில் நாக்கு தடித்திருந்தது.

"மாமா. என்ன நோயாம்?"

"இன்னும் பேர் வைக்கல மாப்ள. மாசம் ஆகுமாம்."

"பொறந்த புள்ளைக்கே அதுக்குள்ள வெச்சிடுறாங்க." சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. "நீ என்ன சொன்ன?"

சொன்னேன். நில்லு பற்றி எல்லாம் சொன்னேன். முதலாளி சொன்னதையும் மறைக்கவில்லை.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்ட."

"ஆமா."

"இறக்கி வெச்சப்புறமாவது ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல மாமா, ஏன்டா நின்னேன்னு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"யாருக்குத் தெரியும்?"

அப்படியே பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினான். கழுத்து நரம்பு புடைத்தது. விரலை உயர்த்தி என்னைப் பேசவிடாமல் தடுத்தான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வராந்தாவில் தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கீச்சிட்டது. யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"உனக்குக் கேக்குதா?"

"இல்லடா. எனக்குக் கேக்கல."

என் முகத்தையே பார்த்தான். கோபமா, வேறென்னவா, தெரியவில்லை. பிறகு முழங்காலை மெல்ல மடக்கிக் கட்டில் ஓரத்தில் எனக்கு இடம் விட்டான். உட்கார்ந்தேன். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போர்வைக்குள் அவன் கால்விரல்கள் மட்டும் எங்கோ நடந்துகொண்டேயிருந்தன.