தக்காளிக்கு ஒரு முத்திரை

ஐக்கண்டே மூன்று கூடைத் தக்காளியோடு எல்லைச் சாவடியின் முன்வாசலுக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. பதினோரு வருடமாகத் தான்சானியாவிலிருந்து கென்யப் பக்கத்துச் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவள்தான். ஆனால் போனதெல்லாம் நார்க்கற்றாழைத் தோட்டத்துக்குள் புகுந்து ஓடையைத் தாண்டும் குறுக்கு வழியில். எலிப்பாதை என்று அதற்குப் பெயர். கூலிக்கு வண்டி ஓட்டும் ஷவூரி மோட்டார் சைக்கிளில் கூடைகளைக் கட்டிக்கொள்வான். பெண்கள் பின்னால் தொற்றிக்கொள்வார்கள். போன மாதம் ரோந்துக்காரர்களைக் கண்டு அவன் வண்டியை முறுக்கியதில், ஐக்கண்டேயின் நாத்தனார் ந்தேஷி ஓடைப் பாறையில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டாள். யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அந்த வழியில் போனதே குற்றம்.

அதற்குப் பிறகுதான் ஐக்கண்டே வியாபாரப் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். அண்டை நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, சொந்த மண்ணில் விளைந்ததைச் சிறு வியாபாரிகள் ஒரே ஒரு படிவத்தோடு வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்று சொல்லிப் பட்டியலை வாசித்தார்கள். தக்காளி இருபத்து மூன்றாவது. அதை மனதில் ஆணி அடித்து வைத்துக்கொண்டாள்.

சாவடியில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூடத்தில், அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். தான்சானியாக்காரர் இழுப்பறையைத் திறந்து பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படிவத்தில் முத்திரை குத்தித் தள்ளினார். கென்ய அதிகாரி முவாச்சோஃபி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது போதாதும்மா. தக்காளி எங்க வெளைஞ்சதுன்னு தலைநகர்ல இருந்து சான்றிதழ் வேணும்.”

“என் தோட்டத்துல வெளைஞ்சது ஐயா. பட்டியல்ல இருபத்து மூணாவதா இருக்கே.”

“எந்தப் பட்டியல்? எனக்கு அப்படி ஒண்ணும் வரலை.”

வரிசையில் பின்னால், தான்சானியாவில் வாங்கிய அரிசி மூட்டையோடு ஊர் திரும்ப நின்றவள் வகேஷோ. கென்யாக்காரி, சந்தையில் பக்கத்துக் கடை. “சொன்னா கேட்டியா அக்கா? எலிப்பாதையில போயிருந்தா இந்நேரம் ஒரு கூடை வித்திருக்கும்.”

“ந்தேஷி இடுப்பை நீ வந்து பாரு, அப்புறம் பேசு. வித்தாலும் விக்காட்டியும் இன்னிக்கு இந்த வாசல்தான்.”

பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தகரக் கூரை காய்ந்தது. பத்தரை மணிக்கு அடிக்கூடையிலிருந்து புளித்த வாடை எழும்பியது. தான்சானியாக்காரர் பிளாஸ்க்கைத் திறந்து தனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு, எட்டி முவாச்சோஃபியின் கோப்பையிலும் ஊற்றினார். அதைப் பார்த்ததும் ஐக்கண்டே எழுந்தாள்.

“ஐயா, இந்த டீ யார் வீட்டு டீ?”

“என் சம்சாரம் போட்டது. ஏம்மா?”

“அது எல்லை தாண்டி அவர் கோப்பைக்குப் போகுது. சான்றிதழ் கேக்க ஆளில்லை. உங்க கையில இருக்கிற பட்டியல் மட்டும் ஒரு முழம் தள்ளிப் போகமாட்டேங்குதே?”

வரிசை முழுவதும் சிரித்தது. முவாச்சோஃபியின் முகம் கறுத்தது. தான்சானியாக்காரர் நெளிந்துகொண்டே இழுப்பறையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினார். “நீ கேக்கவே இல்லையேப்பா.”

“இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேப்பேன்!”

முவாச்சோஃபி விரலை வைத்து வரி வரியாக இறங்கி, இருபத்து மூன்றில் நின்றார். அதோடு முடியவில்லை. மேலதிகாரியிடம் கேட்க வேண்டும். மேலதிகாரி ஏதோ கூட்டத்தில் இருந்தார். பதில் வந்து முத்திரை விழும்போது மணி ஒன்று.

தார்ச்சாலையில் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் அடுக்கிக்கொண்டு நடந்தாள். எதிரே போலீஸ் வண்டி வரவும் கால் தானாகச் சாலையை விட்டு இறங்கிப் புதருக்குள் போனது. கையில் முத்திரை குத்திய படிவம் இருப்பது பிறகுதான் நினைவு வந்தது. மறுபடி ஏறிச் சாலையில் நின்றாள். வண்டி அவளைத் தாண்டிப் போயிற்று. உள்ளே இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு ஏனோ கண் கலங்கியது. பதினோரு வருடமாக எதற்கு ஒளிந்தோம் என்றிருந்தது.

சந்தை கலைந்துகொண்டிருந்தது. பாதிக்கு மேல் நசுங்கிய தக்காளியைச் சாப்பாட்டுக் கடைக்காரி குழம்புக்கென்று அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த சந்தை நாளில் பட்டியல் சாவடிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஒன்பது பெண்கள் வந்திருந்தார்கள். வரிசை நகராததால் மூன்று பேர் கற்றாழைத் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள்.

அன்று மாலை ஷவூரி வீட்டுக்கே வந்தான். வாசலிலேயே நின்றான்.

“எல்லாரும் சாவடி வழியாப் போயிட்டா என் பொழைப்பு என்னாகும் அக்கா?”

“நீயும் அந்த வழியா வாயேன்.”

“என் வண்டிக்கு ஏது அக்கா காகிதம்? தக்காளிக்குப் பட்டியல்ல ஒரு இடம் இருக்கு. எனக்கு?”

ந்தேஷியைப் படுக்கையில் தள்ளியவன் என்ற கோபம் அவளுக்கு ஆறியிருக்கவில்லை. இருந்தாலும் அவன் கேட்டது பொய்யில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து அதையே கேட்டாள். செயலாளர் அம்மா பட்டியலைப் புரட்டிப் பார்த்தாள். “மேலிடத்துக்கு எழுதி அனுப்புறேன்” என்றாள்.

“இப்பவே எழுதுங்க அக்கா” என்று சொல்லிவிட்டு, எழுதி முடிக்கும்வரை ஐக்கண்டே உட்காராமல் நின்றாள்.