காயப்போட்ட புண்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அன்று வந்த கோபத்துக்கு மட்டும் நியாயம் இருந்தது. அப்பாவை அண்ணன் பொறுப்பில் விட்டுப்போய், இரண்டு நாள் வெளியூர் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், அவரைக் குப்புறப் போட்டு, புண்ணுக்கு நேரே மேசை விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் அண்ணன்.

படுத்தே கிடந்ததால் இடுப்புக்குக் கீழே வந்த புண் அது. எந்தக் கட்டு சரிப்படும் என்று தேடி நானும், வீட்டுக்கு வந்து கட்டு மாற்றும் நர்சம்மாவும் பட்டது நாய் படாத பாடு. கடைசியில் நீர் கசிகிற புண்ணுக்கு ஃபோம் கட்டுதான் என்று முடிவானது. கசிவை உறிஞ்சும், புண்ணில் ஒட்டாது, ஐந்து நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஆறு வாரத்தில் ஓரமெல்லாம் புதுத்தோல் வந்திருந்தது. இது மூடாவிட்டால் ஆபரேஷன், அதை அப்பாவின் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தக் கட்டு குப்பைக்கூடையில் கிடந்தது.

"உள்ள ஒரே ஈரம்மா," என்றான் அண்ணன். சுவருக்குப் பெயின்ட் அடிப்பவன். "ஈரச் சுவத்துல பட்டி பாத்தா நிக்குமா? அதான் துணி வச்சு, ஒரு நாளைக்கு மூணு தடவ மாத்தி, காய விட்டேன்."

"அப்பா என்ன சுவராண்ணா? அஞ்சு மாசமா எட்டிப் பாக்கல, வந்ததும் வைத்தியமா?"

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நர்சம்மா வந்த பிறகும் நிறுத்தவில்லை. அவர் சலைன் உப்புநீரை ஊற்றி ஊறவைத்துத்தான் கடைசித் துணியை எடுத்தார். அப்படியும் ஒட்டிக்கொண்டு வந்ததை அண்ணனிடம் நீட்டினார்.

"இது அழுக்கில்லைங்க, புதுத்தோல். ஒவ்வொரு தடவையும் இதத்தான் உரிச்சிருக்கீங்க. இனி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

அண்ணன் பேயறைந்தவன் போல நின்றான். எனக்கு மனம் இளகவில்லை. அப்பாவிடம் திரும்பினேன். தலையணை நகர்ந்தாலே என்னைத் திட்டித் தீர்க்கிற மனிதர்.

"வலிச்சிருக்கும்லப்பா? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உயிரே போச்சும்மா," என்றார் அப்பா. "ஆனா, வேணாம்னா எந்திரிச்சுப் போயிருவான்ல? ரெண்டு நாளா என் பக்கத்துலயே இருந்தான்."

அண்ணன் விசிறியை அணைத்தான். ஒரு வருடமாக அவர் பக்கத்திலேயே இருந்த நான், புதுக் கட்டின் உறையைக் கிழித்து நர்சம்மாவிடம் நீட்டினேன்.