மருந்து தடவின ஸ்பிரிங்

"மதினி, அண்ணே எங்க? இன்னைக்கி மாத்திரை குடுக்காம இருந்துட்டாரே."

வாசலில் நின்று முத்திருளன் கேட்டபோது மாயக்காள் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"என்ன மாத்திரை?"

"நெஞ்சு மாத்திரைதேன். எனக்கும் மேடு ஏறுனா அடைக்கிதுல்ல? ஆஸ்பத்திரிக்கு அலையாதடா, என்னோடதப் போட்டுக்கன்னு தெனமும் டீக்கடையில குடுப்பாரு."

"அப்ப அவரு எதப் போடுறாரு?"

"அவருக்கெதுக்கு மதினி? உள்ள வச்ச ஸ்பிரிங்குலயே மருந்து தடவியிருக்காம்ல. ஊறிக்கிட்டே இருக்குமாம். டாக்டரம்மாவே சொன்னாகளாம்."

சொன்னது நிஜந்தான். புருஷன் உக்கிரபாண்டிக்கு அடைத்துப்போன இதயக்குழாயில் ஸ்டென்ட் என்கிற அந்த ஸ்பிரிங்கை வைத்த அன்று மாயக்காளும் பக்கத்தில் நின்று கேட்டாள். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று அதே டாக்டர் சொன்னதையும் கேட்டாள். அதனால்தான் காலையில் தன் கையாலேயே பிரித்துக் கொடுப்பாள். "டீ குடிச்சிட்டுப் போட்டுக்கிறேன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அட்டையும் காலியாகிக்கொண்டே வந்தது. இவள் என்னத்தைக் கண்டாள்?

"எம்புட்டு நாளா நடக்குது இது?"

"பொங்கல் கழிஞ்சதுலருந்து. ஏன் மதினி, மொகம் வெளுத்துப் போச்சு?"

விடிந்ததிலிருந்தே நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்று உக்கிரபாண்டி மாட்டுக்கொட்டத்தில் படுத்துக் கிடந்தார். வாயு என்று இஞ்சிச்சாறு கொடுத்துவிட்டு வந்து இவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஓடினாள். வேர்வையில் அவர் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"எந்திரிய்யா!"

"கத்தாத. வாயு எறங்குது."

"வாயுவா? மாத்திரைய யாருக்குய்யா குடுத்த?"

அவர் அவளைத் தாண்டி முத்திருளனைப் பார்த்தார். "ஏண்டா, ஒனக்கு வாயே நிக்காதா?"

அடுத்த வீட்டுக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பறந்தார்கள். செக்கானூரணி வரைக்கும் முத்திருளனைத் திட்டிக்கொண்டே வந்தவர், அதைத் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். அந்தத் திட்டு நின்றபோதுதான் மாயக்காளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"கடைசியா மாத்திரை எப்பப் போட்டாரு?" ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் சத்யப்ரியா கேட்டாள்.

"போடலம்மா. ஸ்பிரிங்குல மருந்து இருக்குன்னு..."

"அய்யோ, அந்த மருந்து உள்ள மறுபடி சதை வளந்து அடைச்சிராம இருக்குறதுக்கும்மா! ரத்தம் கட்டாம இருக்கத்தான் மாத்திரை. இப்ப ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் கட்டியிருக்கும்." சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டது. முத்திருளன் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"நானே தின்னுட்டேனே மதினி. அண்ணன் உசுர நானே தின்னுட்டேனே."

மாயக்காளுக்கு அழுகை வரவில்லை. தினமும் மாத்திரையை வைத்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்து சொன்னாள்: "ரத்தக்கட்டிய எடுத்தாச்சு. ரத்தம் ஓடுது. கொஞ்சம் பிந்தியிருந்தா ஆளக் கொண்டுபோயிருக்கும். போயிப் பாருங்க, ஆனா பேச்சுக் குடுக்காதீங்க."

உள்ளே உக்கிரபாண்டி கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. மாயக்காள் காதைக் கொண்டுபோய்க் குனிந்தாள்.

"முத்திருளன் இன்னைக்கி மாத்திரை போடலயே... ஒண்ணு குடுத்துரு."