ஆக்கே

பன்னிரண்டாவது போட்டோவிலும் தம்பி கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தான். கேமராவைக் கண்டால் போதும், அவன் இமைகள் தாமாக இறங்கிவிடும். அவனுடைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். ஒரு நல்ல படம்கூடவா கிடைக்கவில்லை என்று ஹாலிலிருந்து பெரியப்பா மூன்றாவது முறையாகக் குரல் கொடுத்தார். இன்றைக்குப் போய்க் கண்ணை மூடிய படத்தை வைத்தால் நன்றாகவா இருக்கும்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கூடவே அழுகையும் வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காலையில் பல் தேய்க்கப் போனவன் வாஷ்பேசினைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான். வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். ஐம்பத்தொரு வயது. மூட்டுவலியைத் தவிர உடம்புக்கென்று ஒன்றும் கிடையாது. இப்போது ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். ஐந்து மணிக்கு வண்டி வரும்.

காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. அவன் தன்மேல் கோபத்தோடுதான் போனானா? சண்டை போட்ட பிறகு இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்கவில்லை. இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது?

கல்யாணப் பேச்சு இரண்டு பேருக்குமே எப்படியோ நழுவிப்போக, அம்மா அப்பாவுக்குப் பிறகு அக்காவும் தம்பியும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். முன்னறை அவளுக்கு, பின்னறை அவனுக்கு. அவள் வாஷிங் மெஷின், ஓவன், ஸ்கேன் கருவி என்று வருகிற கையேடுகளை மொழிபெயர்ப்பவள். ‘ஈரக் கையால் தொடாதீர்கள்’ என்பதை வாழ்நாளில் எத்தனை தடவை எழுதியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் ஒரு நூலகத்தின் கம்ப்யூட்டர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்பவன். ஒன்றின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, நெட்வொர்க் வழியாக இன்னொன்றில் இருக்கிற புரோகிராம்களை ஆட்டிவைப்பதுதான் பிழைப்பு. அதற்கென்று கட்டளைகளை வரிவரியாகக் கோத்துச் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுவான். இங்கே சொன்னால் அங்கே கேட்க வேண்டும், கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று சாப்பாட்டை மறந்து நோண்டிக்கொண்டிருப்பான்.

அப்படித்தான் ஒரு நாள் அவளுடைய கம்ப்யூட்டர் பேசியது. ஓவன் கதவை எப்படித் திறப்பது என்று அவள் டைப் செய்துகொண்டிருந்தபோது, யாரோ ஓர் இங்கிலீஷ்காரியின் குரல், “ஆக்கே, டீ” என்றது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. பின்னறையில் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாலு மணிக்கு டீ போடுவது அவன் வேலை. கூப்பிடுகிற வேலையை மட்டும் ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்திருந்தான். அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது. அக்கா என்று ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அது தன் வாய்க்கு வந்ததைச் சொல்லும். அன்றிலிருந்து அவள் ஆக்கே ஆனாள். நெட்வொர்க்கில் அவள் கம்ப்யூட்டருக்கு அதையே பெயராகவும் வைத்துவிட்டான்.

குரல் வந்ததும் அவள், “வர்றேன்டா” என்பாள். ஆனால் வர மாட்டாள். இதோ ஒரு வரி, இதோ ஒரு பத்தி என்று கால் மணி நேரம் போகும். போய்ப் பார்த்தால் ஆறிப்போன டீயைத் தட்டால் மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். வர்றேன் என்றால் என்ன அர்த்தம் என்று உன் கையேட்டில் போடு என்பான்.

இவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று ஒரு நாள் ஸ்கிரிப்டில் இன்னொரு வரி சேர்த்தான். நாலு மணிக்கு அவள் டைப் செய்யும் புரோகிராமையே மூடிவிடும் வரி. மூடும்போது ‘சேமிக்கவா?’ என்று கேட்டு நின்றுவிடக் கூடாதே என்று, கேட்காமல் மூடு என்று எழுதினான். அதில்தான் வந்தது வினை. கேட்காமல் என்றதை மெஷின் சேமிக்காமல் என்று எடுத்துக்கொண்டது. காலையிலிருந்து உட்கார்ந்து செய்த பதினோரு பக்கம், கண்ணெதிரே போயே போய்விட்டது. இடையில் ஒரு தடவைகூடச் சேமிக்காதது தன் தப்பு என்று அவளுக்குத் தெரியும். அதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்கு ஹாலில் நின்று அவள் கத்தியது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

“உனக்குன்னு ஒரு வாழ்க்கை இல்லைன்னா, என்னோடதுல வந்து கை வைப்பியா?”

சொன்ன வேகத்திலேயே உள்ளே போய், வெளிக் கம்ப்யூட்டருக்கு அனுமதி என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். மெஷினின் பெயரைத் ‘தொடாதே’ என்று மாற்றினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலமே அவன் மன்னிப்புக் கேட்டான். அதன் பிறகும் பேச்சுவார்த்தையெல்லாம் இருந்தது. பல்பு மாற்றணும், தண்ணி வரலை, நாளைக்கு மழையாம். விளையாட்டு மட்டும் நின்றுபோனது. தினமும் நாலு மணிக்கு முன்னறைக் கதவில் இரண்டு தட்டு. “டீ” என்று ஒரு வார்த்தை. அவள் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டிருப்பான். ஒரு நிமிஷம் பிசகாமல் விழுந்த அந்த இரண்டு தட்டையும் அவள் கோபம் என்றே எடுத்துக்கொண்டாள். சரி, இருக்கட்டும், எத்தனை நாளைக்கு என்று பார்க்கலாம் என்று அவளும் இருந்துவிட்டாள்.

பதிமூன்றாவது போட்டோவைத் திறந்தபோது, அதன் மேலேயே ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

‘அக்கா இன்னும் திறக்கல. எழுந்து போய்க் கதவைத் தட்டு.’

கீழே ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான். மூலையில் மணி நாலு.

அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வாசலுக்குப் போய்க் கேபிளைக் கூட்டிவந்தாள். கேபிள், தம்பியோடு இருபது வருஷமாக வேலை பார்ப்பவர். நூலகத்தில் சுவர் சுவராகக் கேபிள் இழுத்தவர் என்பதால் அந்தப் பெயர். காலையிலிருந்து வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்ததும் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அது தினமும் வருவதுதான் என்றார். நாலு மணிக்கு அந்த ஸ்கிரிப்ட் இன்னமும் முன்னறைக் கம்ப்யூட்டரைத் தேடிப் போகிறது. அங்கே உள்ளே விடவில்லை என்று திரும்பி வருகிறது. திரும்பி வந்தால் இப்படிச் சொல்லு என்று தம்பி எழுதி வைத்திருந்தான். பெட்டி வந்ததும் ‘சரி’யை அழுத்திவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவான்.

“ரெண்டு வருஷமாவா?”

“நான்கூடச் சொன்னேன்க்கா. அக்கா வெளிய போறப்ப நீயே போய் அந்த டிக்கை வெச்சுட்டு வந்துடேன்டான்னு. ‘அவ எடுத்தது, அவதான் வைக்கணும்’னுட்டான்.”

“கோவமா சொன்னானா?”

கேபிள் ஸ்கிரிப்டைத் திறந்து காட்டினார். முப்பது நாற்பது வரி. எல்லாமே அக்கா என்ற ஒரே சொல்தான், ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு விதமான ஆங்கில எழுத்துக்கூட்டில். பக்கத்தில் தேதியும் ஒரு குறிப்பும். ‘இருமல் மாதிரி இருக்கு.’ ‘ஒட்டகத்தைக் கூப்பிடற மாதிரி.’ ‘பழைய ஆக்கேவே தேவலாம்.’ ‘கிட்டத்தட்ட.’ தேதிகள் எல்லாம் சண்டைக்குப் பிறகு வந்தவை. கடைசி வரி மூன்று வாரத்துக்கு முந்தையது. ‘இது அக்காதான்.’ புரோகிராமை மூடும் வரி எப்போதோ எடுக்கப்பட்டிருந்தது.

“இவன் மெஷின்லயே சத்தத்தைக் கம்மியா வெச்சுக்கிட்டுக் கேட்டுப் பாப்பான். நீங்க திறக்கிறப்ப சரியாக் கூப்பிடணுமாம்.”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது இதை ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. முடியும், உங்கள் மெஷின் விட்டால் முடியும் என்றார் கேபிள்.

முன்பெல்லாம் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் கத்துவார்கள். இன்றைக்கு நடுவில் அவன் படுத்திருக்கிறான். அவனைத் தாண்டிக் கத்த முடியாது. அதனால் அவள் நடந்தாள். முன்னறைக்குப் போய் அனுமதிக்கு டிக் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கேபிள் ஓட்டினார். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று வந்தது. அவளுக்கு உடனே விளங்கியது. திரும்பவும் ஹால் வழியாகப் போனாள். படம் கிடைத்ததா என்று பெரியப்பா கேட்டார். தேடுறோம் பெரியப்பா என்றாள். ‘தொடாதே’யை அழித்துவிட்டு ‘ஆக்கே’ என்று அடித்தாள். தன் கையால் அந்தப் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை. வரும் வழியில் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். போட்டோவில் இருந்த மாதிரியேதான் இருந்தான்.

இந்த முறை மெஷின் கிடைத்தது, ஆனால் டைப் செய்யும் புரோகிராம் அங்கே திறந்திருக்கவில்லை. குரல் அதன் வழியாகத்தான் வரும், திறந்திருந்தால்தான் அதனிடம் சொல்ல முடியும் என்றார் கேபிள். காலையிலிருந்து யார் அதைத் திறந்தார்கள்? இனி நீங்கள் நடக்க வேண்டாம், திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே இருங்கள், ஐந்து நிமிஷம் விட்டு ஓட்டுகிறேன் என்றார். மூன்றாவது முறை அவள் ஹாலைக் கடந்தபோது பெரியப்பா எதுவும் கேட்கவில்லை. பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்தார்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். புரோகிராமைத் திறந்தாள். நேற்று பாதியில் விட்ட வாஷிங் மெஷின் கையேடு வந்தது. ‘கருவி பதிலளிக்கவில்லை எனில்’ என்பதோடு நின்றிருந்தது. ஒலியைக் கூட்டி வைத்தாள். வெளியே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மின்விசிறி சுற்றியது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலுக்காக அவள் காத்திருந்ததே இல்லை. எப்போதும் அதுதான் அவளுக்காகக் காத்திருந்தது.

“அக்கா” என்றது. அதே இங்கிலீஷ்காரிதான். ஆனால் க் அழுந்தி, கடைசி எழுத்து முழுசாக நீண்டு, தெரிந்த வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. “டீ.”

“வர்றேன்டா” என்றாள். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

கையேட்டு வாக்கியம் பாதியிலேயே நின்றது. அவள் புரோகிராமை மூடினாள். ‘சேமிக்கவா?’ என்று அது கேட்டதற்கு என்ன பதில் அழுத்தினாள் என்று அவளுக்குத் தெரியாது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வெளியே கேபிள், தட்டுவதற்காக ஓங்கிய கையோடு நின்றுகொண்டிருந்தார்.

“கேட்டுச்சாக்கா? இந்தத் தடவை பெட்டி வரல.”

அவள் தலையை ஆட்டினாள். அவர் கையை இறக்கிக்கொண்டு வழிவிட்டார். ஹாலில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். தம்பியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, அவன் முகத்தருகே குனிந்தாள்.

“வந்துட்டேன்டா” என்றாள்.

வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஐந்தாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.