மூன்றாவது அறையில் சிவப்புப் புள்ளி

புதிய ரைஃபிள்கள் போலீஸ் கேம்புக்கு வந்த அன்று இசக்கிசெல்விதான் வரிசையில் முதலில் நின்றாள். அவளுக்கு இருபத்தேழு வயது. அப்பா பால்பாண்டி அம்பாசமுத்திரம் பக்கமிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்தவர். இப்போது விழிஞ்ஞத்தில் துறைமுக வேலையில் இருக்கிறார். அவள் பிறந்தது, படித்தது, போலீஸில் சேர்ந்தது எல்லாம் திருவனந்தபுரத்தில்தான்.

நான்கு வருடமாக அவளுக்கு ஒரே ஆசை, பெண் கமாண்டோ அணியில் சேர வேண்டும். தினமும் காலையில் மைதானத்தின் மறுபக்கம் கறுப்புச் சீருடையில் எட்டுப் பேர் ஓடுவார்கள். எட்டு ஜோடி பூட்ஸும் ஒரே சத்தமாகக் கேட்கும். இங்கே பரேடில் நின்றுகொண்டே அவள் அந்தச் சத்தம் தேய்கிறவரை கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த முறை அந்த அணியில் இரண்டு இடம் காலி. அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

ரைஃபிளின் மேல் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ரெட் டாட் சைட் பொருத்தியிருந்தார்கள். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி. அதில் சிவப்பாக ஓர் ஒளிப்புள்ளி. இரண்டு கண்ணையும் திறந்துவைத்து, புள்ளியை இலக்கின் மேல் வைத்துச் சுட்டால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். இசக்கிசெல்வி கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தாள். புள்ளி இல்லை. இடமிருந்து வலமாக மேல்நோக்கி இழுத்துவிட்ட சிவப்புத் தீற்றல் ஒன்று தெரிந்தது, ஈரக் குங்குமத்தை விரலால் தேய்த்த மாதிரி.

"மேடம், இது கேடாயிருக்கு" என்றாள்.

பயிற்சி கொடுக்கும் ஷிஜா வாங்கிப் பார்த்தாள். ஷிஜா எல்லையோரத்துப் பாறசாலைக்காரி. மற்றவர்களிடம் மலையாளம்தான், இசக்கிசெல்வியிடம் மட்டும் தமிழ். "நல்ல உருண்ட புள்ளில்லா? ஒரு கேடும் இல்ல."

வேறு ரைஃபிள் எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதே தீற்றல். பக்கத்தில் படுத்திருந்த மீராவிடம் மெதுவாகக் கேட்டாள். "உனக்கு எப்படித் தெரியுது?"

"புள்ளின்னா புள்ளி மாதிரிதான் தெரியும். என்ன கேள்வி இது?" என்றாள் மீரா. வலியசாலைக்காரி, இருவரும் ஒரே பேட்ச், ஒரே அறை.

ஒளிப்புள்ளி இல்லாத பழைய இரும்புக் குறியில் கேம்பிலேயே இசக்கிசெல்வியை மிஞ்ச ஆளில்லை. இதில் ஐம்பது மீட்டரில் குண்டுகள் சிதறின. தீற்றலின் எந்த முனையை இலக்கில் வைப்பது என்றே அவளுக்குப் புரியவில்லை. ஷிஜா இலக்கு அட்டையைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். இசக்கிசெல்வி தீற்றலைப் பற்றிச் சொன்னதும் துப்பாக்கியைத் தொட்டுக் காட்டினாள்.

"தோக்கைச் சரிச்சுப் பிடி. இன்னும் சரி. இப்ப அந்தக் கோடு தோக்கோட சேந்து திரும்புதா?"

"இல்ல மேடம். அப்படியே நிக்குது."

"சைட்டில கேடு இருந்தா கூடச் சேந்து திரும்பணும். திரும்பல. அப்பம் தோக்குக்க குத்தமில்ல. உனக்க கண்ணாக்கும்."

கமாண்டோ அணிக்குக் கண்ணாடி போட்டவர்களை எடுப்பதில்லை. அது இருவருக்கும் தெரியும். ஷிஜா அட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இசக்கிசெல்வி யாரிடமும் சொல்லாமல் கிழக்கேகோட்டையில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனாள். கண் பரிசோதிக்கும் சுமந்த் அவளை உட்காரவைத்து, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டான்.

"அஸ்டிக்மாட்டிசம். விழியோட முன்பக்கம் பந்து மாதிரி இருக்கணும். உங்களுக்குக் கொஞ்சம் முட்டை மாதிரி இருக்கு. அதனால வெளிச்சம் ஒரே இடத்தில குவியாம இழுபட்டுப் போகும். நோய் ஒண்ணும் இல்ல, சேச்சி. சின்னதிலேர்ந்தே இப்படித்தான் பார்த்திருப்பீங்க."

"போலீஸ்ல சேர்ந்தப்ப கண் டெஸ்டுல எழுத்தெல்லாம் வாசிச்சேனே."

"கண்ணைச் சுருக்கி வாசிச்சிருப்பீங்க. எழுத்தை ஊகிச்சிரலாம். இருட்டில ஒரு புள்ளி வெளிச்சம்னா ஊகிக்க முடியாது."

கடைசி வில்லையைப் போட்டுவிட்டு அவன் சுவரைக் காட்டினான். ஏ.சி.க்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசரின் சிவப்பு விளக்கு. சின்னதாக, உருண்டையாக, ஓரம் கலையாமல் இருந்தது. எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்களா என்று அவள் கேட்கவில்லை. வில்லையைக் கழற்றும்படி அவன் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்காமலே திரும்பினாள்.

அடுத்த வாரம் ஒரு வழி கண்டுபிடித்தாள். ரைஃபிளின் பின்னால் மடக்கிவைத்திருந்த பழைய குறியை நிமிர்த்தி, அதன் சிறு துளை வழியே பார்த்தால் தீற்றல் சுருங்கிப் புள்ளிபோல் ஆனது. புள்ளியின் வெளிச்சத்தையும் குறைத்துவைத்தாள். வெயிலில் நடந்த முதல் தேர்வில் மீராவைவிட இரண்டு மதிப்பெண் அதிகம். ஷிஜா அந்த நிமிர்ந்த குறியைப் பார்த்தாள். "இது வெயிலுக்குக் கொள்ளாம், இருட்டுக்கு ஆவாது" என்று மட்டும் சொன்னாள்.

இறுதித் தேர்வு ஜன்னல்களை அடைத்த ஒரு பழைய கட்டடத்துக்குள் நடந்தது. மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் அட்டை உருவங்கள். உள்ளே போனதும் பின்குறியின் துளை வழியே ஒன்றுமே தெரியவில்லை, மடக்கிவிட்டாள். முதல் அறையில் ஒற்றை ஆள். சுட்டாள். இரண்டாவதிலும் சுட்டாள். மூன்றாவது அறையில், ஒரு பெண்ணைத் தன் முன்னால் இழுத்துப் பிடித்திருக்கும் ஆளின் படம். அவன் முகம் பாதிதான் வெளியே தெரிந்தது. அவள் குறிவைத்தாள். இருட்டில் தீற்றல் இன்னும் நீண்டிருந்தது. ஒரு முனை அவன் நெற்றியில், மறுமுனை அந்தப் பெண்ணின் கன்னத்தில்.

விரல் ட்ரிக்கரில் இருந்தது. சுட்டால் ஒருவேளை சரியாகப் பட்டுவிடும். நான்கு வருடம். வெறும் காகிதம்தான். ஆனால் அடுத்த முறை காகிதமாக இருக்காது. அவள் விரலை எடுத்தாள். நேரம் முடிந்ததற்கான விசில் கேட்டது.

வெளியே வந்ததும் தேர்வு நடத்திய அதிகாரி மலையாளத்தில், ஏன் சுடவில்லை என்று கேட்டார்.

"புள்ளி ரெண்டு பேர் மேலயும் இருந்தது, சார்" என்று அவளும் மலையாளத்திலேயே சொன்னாள். பிறகு கண்ணைப் பற்றியும் சொன்னாள். ஷிஜா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி சிறிது நேரம் பேனாவைத் திறந்து மூடினார். "சொன்னது நல்லது" என்றார். எழுதவேண்டியதை எழுதினார்.

பட்டியலில் மீராவின் பெயர் இருந்தது.

பிறகு அவள் ஆர்டர் கொடுத்த கண்ணாடி வந்த அன்று மாலை, ஷிஜா அவளைச் சுடும் மைதானத்துக்கு அழைத்துப்போய், அவளாகவே ஒரு ரைஃபிளை எடுத்துக் கையில் கொடுத்தாள். இசக்கிசெல்வி படுத்துக் குறிபார்த்தாள். உருண்டையான ஒற்றைப் புள்ளி, கடுகளவு. ஐம்பது மீட்டரில் ஐந்து குண்டுகள். ஷிஜா அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். ஐந்தையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம்.

"மேடம், இப்ப சரியாத்தானே இருக்கேன்?"

"சரிதான், மோளே."

"அப்பம் ஏன் எடுக்க மாட்டாங்க?"

ஷிஜா அட்டையை அவள் கையில் கொடுத்தாள். "மனு எழுதிக் குடு. நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்புதேன். உனக்க வயசு தாண்டுததுக்குள்ள பதில் வருமாண்ணு எனக்குத் தெரியாது" என்றாள்.

அன்றே எழுதிக்கொடுத்தாள்.

மீரா கமாண்டோ பயிற்சிக்குப் போகிற நாளில் அவளுடைய இரும்புப் பெட்டியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஜீப் வரை தூக்கிப்போனார்கள். மீரா தலைகுனிந்தபடி, "அந்த மூணாவது ரூம்ல எனக்கும் சுடறதா வேண்டாமான்னு சந்தேகமாத்தான் இருந்தது. ஆனா சுட்டுட்டேன்" என்றாள்.

"சரியாப் பட்டுச்சுல்லா. பெறகென்ன" என்றாள் இசக்கிசெல்வி. மீராவின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப்போட்டாள். "அங்க எப்படியிருக்குன்னு தினமும் எனக்குச் சொல்லணும். காலையில எந்திக்கிறதிலேர்ந்து எல்லாம்."

"எல்லாமா?"

"எல்லாம். ஒண்ணு விடாம."

ஜீப் கிளம்பியது. இரண்டு மணிக்கு அவளுக்கு பஸ் ஸ்டாண்டில் டூட்டி. சட்டையை உள்ளே இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். வழியில் கேம்ப் அலுவலகத்தின் ஜன்னலருகே நின்று, தன் மனுவுக்கு ஏதாவது பதில் வந்ததா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார்கள்.