முன்வரிசைக் கதிரை

நேசம் டீச்சருக்குப் பிடிபடாமல் கிடந்த கணக்கு ஒன்றுதான். கட்சியின் வெள்ளவத்தைக் கிளைப் பிரதித் தலைவர் தில்லைநாதனை தொடர்மாடிப் படியில் நின்று திட்டாத ஆளில்லை. ஆனால் வருடாந்தக் கூட்டத்தில், "நான் தொடர்ந்து இருக்கிறதை எதிர்க்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்று அவர் கேட்டால் ஒரு கையும் எழாது.

தலைவர் சண்டைக்குப் பயந்து கனடாவுக்குப் போனபோது, அவர் திரும்பி வரும்வரை என்று சொல்லிக் கதிரையில் அமர்ந்தவர் தில்லைநாதன். தலைவர் வரவில்லை, இவர் எழும்பவுமில்லை. கொழும்பில் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடிபடும் தமிழ்ப் பிள்ளைகளை விடுவிக்க, 'இவர் எமக்குத் தெரிந்தவர்' என்று பொலிசுக்குக் கடிதம் கொடுப்பவரும் அவர்தான்.

நேசம் விஞ்ஞானம் படிப்பிப்பவள். லிஃப்ட் ஏன் விழுவதில்லை என்று யாராவது கேட்டால் கடதாசியில் படம் கீறி விளக்காமல் விடமாட்டாள். இதற்கும் காரணம் தேடினாள். பயம் என்று சொல்லலாம். ஆனால் பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில் இருக்கும், எந்தக் கடிதமும் தேவைப்படாத கிழவர்களும் அல்லவா கையை மடியில் வைத்திருக்கிறார்கள்?

போன கூட்டத்தில் பக்கத்து வீட்டு ஸ்ரனிஸ்லாஸ், "தலைவர் எப்ப வருவார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவருடைய மகள் சோதனைச் சாவடியில் பிடிபட்டபோது கடிதம் கிடைக்கவில்லை. பிள்ளை கிழமைக் கணக்கில் உள்ளே இருந்தாள். அவள் வீடு திரும்பிய அன்று நேசம் இடியப்பத்தோடு போனாள்.

"அண்ணை, அண்டைக்குக் கேள்வி கேட்ட நீங்களே ஏன் கையைத் தூக்கேல்லை?"

"உங்களைப் பார்த்தனான், டீச்சர்."

"என்னையோ?"

"லிஃப்ட் ஏன் விழாதெண்டு தெரிஞ்ச மனிசி முன்னுக்குச் சும்மா இருக்கேக்க, எங்களுக்குத் தெரியாத நியாயம் ஏதோ இருக்காக்குமெண்டு நினைச்சன். எனக்குப் பின்னால இருந்தவன் என்னைப் பார்த்திருப்பான்."

"டீச்சர், தேத்தண்ணிக்குச் சீனி போடவோ?" என்று அந்தப் பிள்ளை வந்து கேட்டாள். நேசத்தால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நியாயம் ஒன்றும் இருக்கவில்லை. அவளுடைய தம்பி மகன் குகன் ஒருமுறை தில்லைநாதனின் கடிதத்தில் வெளியே வந்தவன். ஒவ்வொரு கூட்டத்திலும் தில்லைநாதன் வாசலுக்கே வந்து, "டீச்சர், உங்கட இடம் முன்னுக்கு" என்று கூட்டிப்போவார். படிப்புக்குத் தரும் மரியாதை என்று அவள் மகிழ்ந்திருக்கிறாள். முன்வரிசையில் ஐந்து கதிரைகள். ஐந்திலும் கடிதம் வாங்கியவர்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிவது அசையாத ஐந்து முதுகுகள் மட்டுமே. மண்டபம் முழுவதையும் பயமுறுத்தத் தேவையில்லை. ஐந்து பேர் போதும். ஒரு சின்னப் பிள்ளைக்கும் படம் கீறி விளக்கக்கூடிய பொறி. அதில் தானே ஒரு பாகமாக இருந்ததால் அவளுக்கு இதுவரை தெரியவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் புறப்படும்போது, அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்திருந்த குகன் கேட்டான்.

"மாமி, திரும்ப என்னைப் பிடிச்சால்?"

"ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையும் நானும் பொலிஸ் வாசல்ல வந்து நிப்பம்" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

மண்டப வாசலில் தில்லைநாதன், "டீச்சர், முன்னுக்கு வாங்கோ" என்றார். போய் இருந்தாள்.

தில்லைநாதன் எதிர்க்கிற ஆக்களைக் கையைத் தூக்கும்படி வழக்கம்போலக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார். நேசம் கையைத் தூக்கினாள்.

"என்ன டீச்சர், ஏதும் சந்தேகமோ?"

"சந்தேகம் இல்லை. எதிர்க்கிறன்."

பின்னால் ஒரு கதிரை கிறீச்சிட்டது. பிறகு பல. தில்லைநாதனின் கண்கள் உயர்ந்த கைகளோடு வரிசை வரிசையாகப் பின்சுவர் வரை போயின. யாரோ எண்ணச் சொன்னார்கள். எண்ண அவசியம் இருக்கவில்லை. கிளை அலுவலகக் கதவின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார். நேசத்துக்கு வெற்றி போலவே இல்லை. போன கூட்டத்திலேயே செய்திருந்தால் அந்தப் பிள்ளை உள்ளே கிடந்திருக்கமாட்டாள்.

அவரை இறக்குவதற்குத் தேவைப்பட்டது, முன்வரிசையில் இருக்கும் ஒருவர் முதலில் கையை உயர்த்துவது மட்டும்தான்.